எதிராளி வீட்டுக்கு ஒரு கையெழுத்து

லீமா டீச்சர் ஐந்து முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றவர். இரண்டு முறை ஜெயித்தார், மூன்று முறை தோற்றார். யாராவது அவரை மேடையில் அறிமுகம் செய்யும்போது ஜெயித்ததை மட்டும் சொன்னால், கீழே உட்கார்ந்தபடியே "மூணு தடவை தோத்ததையும் சொல்லுங்க" என்பார். தோற்ற மூன்றில் இரண்டும், ஜெயித்த இரண்டும் ஒரே ஆளுக்கு எதிராக. அவர் கவுஞ்சி மலைச்சாமி. மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி. எண்பத்தொன்பதிலிருந்து இரண்டாயிரத்து ஒன்று வரை நான்கு தேர்தல்களில் இந்த இரண்டு பேரும்தான் மாறி மாறி ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு தொகுதியைப் பிரித்து, மலையைக் கொண்டுபோய்ச் சமவெளியோடு சேர்த்தார்கள். கீழே ஓட்டு அதிகம், மலையில் குறைவு. கட்சிகள் கீழேயே ஆள் பார்க்க ஆரம்பித்தன. டீச்சருக்கு மறுபடி சீட்டு வரவில்லை. கணவர் ஸ்டீவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. எழுபத்தொன்பது வயதில் அவர் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போவார். அதுவும் இப்போது அபூர்வமாகிவிட்டது.

இந்தத் தேர்தல் அறிவித்த வாரத்தில் ஒருநாள் காலை அவருக்கு ஒரு போன் வந்தது.

"டீச்சரம்மா, நான் கவுஞ்சி முருகேஸ்வரி பேசுறேன். மலைச்சாமி மக."

"அண்ணனுக்கு என்னம்மா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. நடக்கத்தான் முடியல. உங்கள ஒருக்கா பாக்கணும்னு சொல்றாரு. நான் ஜீப் அனுப்பவா?"

"எதுக்கு ஜீப்பு? பஸ் இருக்குல்ல, நாளைக்கே வரேன்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து இலவசப் பயண அட்டையை எடுத்து நீட்டினார். கண்டக்டருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்று போட்டிருந்தது.

"எந்த ஊரு எம்.எல்.ஏ.ங்க நீங்க?"

"இந்த ஊருதான் தம்பி."

"இந்த ஊரா?" என்று அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மரியாதையாக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவர் பிறப்பதற்குச் சில வருடம் முன்பு வரை இந்தத் தடத்தில் பஸ்ஸே கிடையாது என்பதை டீச்சர் சொல்லவில்லை.

தொண்ணூறாம் வருடம் அந்த பஸ்ஸை வாங்குவதற்கு அவர் கோட்டையில் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. முதல் தடவை பஸ் கவுஞ்சிக்குள் நுழைந்தபோது ஊரே சாலையில் நின்றது. அவருக்கு மாலை போடக் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு மலைச்சாமி முன்னால் வந்தார். தோற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். பஸ்ஸைச் சுற்றி நடந்து, பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, உள்ளே ஏறி முதல் டிக்கெட்டை அவரே வாங்கினார். "பஸ்ஸு டீச்சரோடது. முதல் டிக்கெட்டு என்னோடது. நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது" என்றார். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடமே சபை கலைந்து, மறு தேர்தல் வந்து, அதில் மலைச்சாமி அவரை ஒன்பதாயிரம் ஓட்டில் தோற்கடித்தார். அந்த பஸ்ஸில்தான் அவர் ஆட்கள் ஓட்டுப் போட வந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. டீச்சருக்கு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் நினைவுக்கு வந்தது. முதல் முறை சென்னைக்குப் போனபோது பழக்கத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரர் வினோதமாகப் பார்த்தது. சபையில் அவருடைய கன்னிப் பேச்சு. நான்கு நிமிடம் கொடுத்திருந்தார்கள். மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பருத்திச் சட்டையோடு மார்கழியில் வகுப்பில் நடுங்குகிறார்கள், சீருடையோடு ஒரு ஸ்வெட்டரும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வியர்த்து வழிந்துகொண்டிருந்த சபையில் ஸ்வெட்டர் என்றதும் சிரிப்பு எழுந்தது. டீச்சர் வகுப்பில் நிற்பதுபோலச் சிரிப்பு அடங்கும் வரை பேசாமல் நின்றார். அடங்கியதும், "சிரிச்சு முடிச்சாச்சுன்னா பதில் சொல்லுங்க" என்றார். அன்றைக்குப் பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து நானூறு ஸ்வெட்டர்கள் வந்தன.

அப்புறம் அந்தப் பிரச்சாரங்கள். ஆடலூர்ச் சாலையில் ஒருநாள் டீச்சரின் ஜீப் அச்சு முறிந்து நின்றுவிட்டது. டிரைவர் ஆக்னல் அடியில் படுத்துக் கெட்ட வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தபோது எதிரே மலைச்சாமியின் ஜீப் வந்தது. கயிறு கட்டி அவர்கள்தான் ஊர் வரைக்கும் இழுத்துப் போனார்கள். இரண்டு ஜீப்பிலும் ஒலிபெருக்கி இருந்தது. முன்னால் போனதில் மலைச்சாமிக்கு ஓட்டுக் கேட்டார்கள், பின்னால் இழுபட்டதில் டீச்சருக்கு. ஆடலூர் ஜனம் காப்பித் தோட்டத்திலிருந்து ஓடிவந்து வேடிக்கை பார்த்தது. அந்த ஊரில் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்டச் சமமாக ஓட்டு விழுந்தது.

கவுஞ்சியில் இறங்கியபோது முருகேஸ்வரி நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். நாற்பத்தாறு வயது. ஒரு தவணை ஊராட்சித் தலைவியாக இருந்தவர். அப்பாவின் அகன்ற நெற்றி, அதே வேகமான நடை.

மலைச்சாமி வாசல் வெயிலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. குரங்குக் குல்லாய்க்குள் முகம் சுருங்கிப்போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க டீச்சர். வெள்ளனே வருவீங்கன்னு பாத்தேன். பஸ்ஸு லேட்டா?"

"மன்னவனூர்ல காட்டுமாடு ரோட்ட விட்டு நகரல அண்ணே. அரை மணி நேரம் நின்னோம்."

"அதத்தான் சொல்றேன். நம்ம காலத்துல அதுக காட்டுக்குள்ள கெடந்துச்சு. இப்ப தோட்டத்துல கெடக்கு. ஒரு ராத்திரிக்கு முக்கா ஏக்கர் பூண்ட மிதிச்சுப் போட்டுட்டுப் போகுது. கேக்க ஆளில்ல. கீழ உள்ளவன் எம்.எல்.ஏ. ஆயிட்டு, சீசனுக்கு ஒருக்கா ஏரியப் பாக்க வாரான்." அவர் மூச்சு வாங்கினார். "அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஏத்தா, நீயே சொல்லு."

முருகேஸ்வரி அப்பாவின் காலருகே உட்கார்ந்தார். "நான் சுயேச்சையா நிக்கப்போறேன் டீச்சரம்மா. ஜெயிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா மலையிலருந்து ஒரு ஆளு பேரு ஓட்டு மெஷின்ல இருக்கணும். தொகுதியப் பிரிச்சதுலருந்து ஒருத்தர் பேரும் இல்ல."

"நில்லும்மா. நல்ல விசயந்தான்."

"சுயேச்சைன்னா பத்துப் பேரு முன்மொழியணும்ல. ஒம்பது பேரு கையெழுத்து வாங்கியாச்சு. முதல் இடத்த அப்பா காலியா வச்சிருக்காரு."

மலைச்சாமி டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கயிற்றைப் பார்த்தபடி சொன்னார். "நான் போடலாம். ஆனா அப்பன் மகளுக்குப் போட்டா அது வீட்டு விசயம். நீங்க போட்டா மலை விசயம். போடத்தான் வேணும்னு சொல்லல. உங்க கட்சிக்காரன் நிக்கிறான், தெரியும். ரோசிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் ரோசித்தார். இருபத்தாறு வயதில் கட்சி அட்டை வாங்கியவர். தோற்றபோதும் சீட்டு மறுக்கப்பட்டபோதும் மாறாதவர். எதிர்த்து நிற்கிறவருக்கு முன்மொழிந்தால் கட்சி விட்டு வைக்காது. "நாலு நாள் குடுங்கண்ணே" என்றார். மலைச்சாமி தலையசைத்தார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் பழைய பூத்துகளைப் பற்றிப் பேசினார்கள். எந்த ஊரில் யார் இரண்டு பக்கமும் கை நீட்டிக் காசு வாங்கியது, எந்தக் கோயில் திருவிழாவில் இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிவட்டம் கட்டி யாருக்கு முதலில் என்று சண்டை வந்தது. சிரித்துச் சிரித்து மலைச்சாமிக்கு இருமல் வந்துவிட்டது.

திரும்பும்போது நிறுத்தம் வரைக்கும் முருகேஸ்வரி கூட வந்தார். பஸ் வரக் கொஞ்ச நேரம் இருந்தது.

"டீச்சரம்மா, அப்பா கேக்க மாட்டாரு. நான் ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"தொண்ணூத்தாறுல நான் கோடை டவுன்ல, ஹாஸ்டல்ல இருந்து பிளஸ் ஒன் படிச்சேன். எங்க கிளாஸ்ல என்னைய 'கட்டுத் திருடன் மக'ன்னு சொல்லுவாங்க. ரெண்டு வருசம். அப்பாகிட்ட அழுதப்ப, 'விடு தாயி, நமக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும்'னு சொன்னாரு. நீங்க ஏன் அன்னைக்குப் பேசல?"

முப்பது வருடமாக யாராவது கேட்பார்கள் என்று பயந்திருந்த கேள்வி. கேட்க வேண்டிய ஆளே கேட்டுவிட்டார். பஸ் வந்து நின்றது. "பயந்துட்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

நடந்தது இதுதான். அப்போது ஓட்டுச்சீட்டு. ஐம்பது ஐம்பதாகக் கட்டி, எந்த வேட்பாளருக்கு விழுந்ததோ அவருடைய தட்டில் அடுக்குவார்கள். முந்தின நாள் தொடங்கிய எண்ணிக்கை மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது மலைச்சாமி அறுபத்து மூன்று ஓட்டு முன்னால் இருந்தார். டீச்சரின் ஏஜெண்டுகள் களைத்துப்போய் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். டீச்சர் சுவரோரம் ஒரு நாற்காலியில் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது மலைச்சாமியின் குரல் கேட்டது.

"சார், அந்தக் கட்டு என்னோடதில்ல. டீச்சர் தட்டுல இருந்து எடுத்துக் கட்டி, என் தட்டுல வச்சுட்டாங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பிரிச்சுப் பாருங்க."

அவருடைய ஆட்களே அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உதறினார். அதிகாரி கட்டைப் பிரித்தார். ஐம்பதும் டீச்சருக்கு விழுந்தவை. அவருக்கு ஐம்பது குறைந்து, டீச்சருக்கு ஐம்பது கூட, முப்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் டீச்சர் ஜெயித்தார். மலைச்சாமி வந்து கும்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலம் வத்தலக்குண்டில் வெற்றிக் கூட்டம். மாவட்டச் செயலாளர் மைக்கைப் பிடித்து, எதிரிகள் ஒரு கட்டு ஓட்டைத் திருடி ஒளித்து வைத்தார்கள், நம் ஆட்கள் விழித்திருந்து கண்டுபிடித்தார்கள் என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. டீச்சர் பக்கத்து நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். செயலாளர் குனிந்து, "உங்க ஆளுக டீ குடிக்கப் போனாங்கன்னு ஊருக்குச் சொல்லப்போறீங்களா டீச்சர்? பேசாம இருங்க" என்றார். டீச்சர் பேசாமல் இருந்தார். ஒரு நாள் பேசாமல் இருந்ததால் மறுநாள் பேசுவது இன்னும் கடினமாகிவிட்டது. ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் கொண்டுவந்தார், இரண்டு பள்ளிக்கூடங்களை மேல்நிலையாக்கினார். யார் பாராட்டினாலும் அந்தக் கட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. இரண்டாயிரத்து ஒன்றில் மலைச்சாமி மறுபடி ஜெயித்தபோது, தோற்ற டீச்சருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

நான்கு நாள் கேட்டிருந்தார். இரண்டாம் நாளே ஆக்னலைக் கூப்பிட்டார். அந்தக் காலத்து ஜீப் டிரைவர் இப்போது சொந்தமாக டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டீச்சர், கட்சி டிஸ்மிஸ் பண்ணிரும். பிப்டி இயர்ஸ் இருந்துட்டு இந்த வயசுல தேவையா?"

"வண்டி வருமா வராதா, அத மட்டும் சொல்லு."

"வண்டி வராம எங்க போகும்? காலைல செவன் தர்ட்டிக்கு நிப்பேன்."

வேட்புமனு நாளன்று தேர்தல் அலுவலக வாசலில் வெயில் கொளுத்தியது. டீச்சர் முந்தின நாளே கவுஞ்சிக்குப் போய் மனுவில் காலியாக இருந்த முதல் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். லீமா ஸ்டீவன் என்று தமிழில், பள்ளிக்கூடத்து முத்து முத்தான எழுத்தில். முருகேஸ்வரி மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் ஐந்தாறு நிருபர்கள் செல்போனை நீட்டினார்கள். அவர்களில் வயதான ஒருவர் டீச்சரை அடையாளம் கண்டுகொண்டார்.

"மேடம், நீங்களும் மலைச்சாமியும் பரம எதிரிகள் ஆச்சே? இவருக்கு எப்படி முன்மொழிஞ்சீங்க?"

டீச்சர் குடையை மடக்கினார்.

"எதிராளிதான். எதிரி இல்ல. தொண்ணூத்தாறுல நான் முப்பத்தேழு ஓட்டுல ஜெயிச்சேன். என் ஓட்டுக் கட்டு ஒண்ணு அவர் தட்டுக்குத் தவறிப் போயிருச்சு. எங்க ஆளுக யாரும் பாக்கல. அவர் பாத்து, அவரே சொல்லி, அவரே தோத்தார். அவர் திருடினார்னு எங்க மேடையில சொன்னாங்க. நான் அந்த மேடையில உக்காந்திருந்தேன். மறுத்துப் பேசல. அது தப்பு. அவர்கிட்டயும் அவர் பிள்ளைங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்."

முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சரின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்த வீடியோ மலை முழுக்கச் செல்போனில் சுற்றியது. மூன்றாம் நாள், கட்சியின் கட்டுப்பாட்டை மீறியதால் லீமா ஸ்டீவன் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆக்னல்தான் பேப்பரைக் கொண்டுவந்தார். டீச்சர் இரண்டு முறை படித்தார். ஒரு பொறுப்பும் இல்லாதவரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கியிருக்கிறார்கள் என்று சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அலமாரியில் ஸ்டீவனின் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய உறுப்பினர் அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அதில் இருந்த பெண்ணுக்கு இரட்டைச் சடை. பிறகு எழுந்து போய் ஆக்னலுக்குக் காப்பி போட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு உட்கார நேரமில்லை. முருகேஸ்வரியோடு ஊர் ஊராகப் போனார். மைக் பிடித்தால் இப்போதும் குரல் உடையவில்லை. சில ஊர்களில் கதவு திறந்தது, சில ஊர்களில் "டீச்சர், இன்னும் நீங்க இருக்கீங்களா?" என்று வெகுளியாகக் கேட்டார்கள். "இருக்கேன், ஓட்டு இருக்கா?" என்றார்.

ஓட்டு எண்ணுகிற அன்று டீச்சர் கவுஞ்சியில் மலைச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். சுயேச்சைகளின் பெயரை டிவி சொல்லவே இல்லை. 'பிறர்' என்று மட்டும் போட்டது. முருகேஸ்வரி எண்ணும் இடத்திலிருந்து போனில் சொல்லச் சொல்ல, டீச்சர் ஒரு தாளில் எழுதினார். மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று எட்டு. மூன்றாம் இடம், டெபாசிட் போய்விட்டது. ஆனால் மேல்மலைப் பூத்துகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அவர்தான் முதல்.

"டெபாசிட்டு போச்சா? போகட்டும்" என்றார் மலைச்சாமி. "அன்னைக்கு நீங்க வாசல்ல பேசுனத முருகேஸ்வரி போன்ல போட்டுக் காட்டுனா. நாலு வாட்டி பாத்தேன். எதுக்கு டீச்சர் அந்தச் சோலி? நான் மறந்துட்டேன்."

"நீங்க மறக்கலண்ணே."

"ஆமா, மறக்கல" என்று ஒப்புக்கொண்டார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. டீச்சர் பார்க்காததுபோல டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

மறுநாள் மதியம் முருகேஸ்வரி ஜீப்பில் வந்து இறங்கினார். மூன்று நாள் தூக்கமில்லாத முகம், அழுத முகமில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, பூத்து வாரியாக ஓட்டு எழுதிய தாளை விரித்தார்.

"அப்பா, பாச்சலூர்ல நமக்கு வெறும் நூத்திப் பன்னெண்டு. வீடு வீடாப் போனோமே, ஏன்?"

"அது அப்படித்தான். அந்த ஊர்க்காரன் என்னைய நம்பவே மாட்டான்" என்றார் மலைச்சாமி.

"என்னையும் நம்ப மாட்டாங்க" என்றார் டீச்சர். "அங்க ஒரு ஓடை இருக்கு. மழை வந்தா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போக முடியாது. பாலம் கட்டித் தரேன்னு நான் மூணு எலெக்சன்ல சொன்னேன்."

"நான் ரெண்டுல சொன்னேன்."

"ரெண்டு பேரும் கட்டலயா?" என்று முருகேஸ்வரி நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

இரண்டு முன்னாள் எம்.எல்.ஏ.க்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் நிதி வரவில்லை என்று ஒருவரும், வனத்துறை விடவில்லை என்று மற்றவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். முருகேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். தாளைத் திருப்பி வைத்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எந்த ஓடை டீச்சரம்மா, ஊருக்கு மேலயா கீழயா?" என்று கேட்டார்.

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.